முன்னால் வந்த சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா?

எங்கள் முப்பரிமாணப் படச் சங்கத்தில் ஸ்லைடு போட்டி நடந்தது. கேமராவைச் சற்றே நகர்த்தி, இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என ஒரே காட்சியை இரண்டு படம் எடுக்க வேண்டும். கண்ணாடி மாட்டிப் பார்த்தால் ஆழம் தெரியும். நான் என் விடுதி அறையை எடுத்தேன். இடப்படம் எடுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. அது விட்ட பிறகுதான், தரையில் சாக்பீஸால் குறித்த இடத்தில் கேமராவை வைத்து வலப்படம் எடுத்தேன்.

திரையில், கட்டிலுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சுவர் கட்டிலைத் தாண்டி முன்னால் வந்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"இடம் வலம் மாத்திப் போட்டுட்டியேம்மா!" என்றார் நடுவர்.

"மாத்தியிருந்தா கட்டில், பெட்டி எல்லாமே தப்பாத் தெரியணுமே சார். சுவர் மட்டும்தானே வருது?"

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ ரெண்டு படத்துக்கும் நடுவுல சுவரே நகந்திருக்கும்மா. அந்தச் சுவரோரம் யாரு படுக்குறா?" என்றார்.

நான்தான், அப்பா.

வார்டனிடம் சொன்னேன். "போட்டோவைப் பாத்துக் கட்டடத்தை இடிக்கச் சொல்றியா? போய்ப் படி" என்றார். கவலைப்படாதீர்கள், கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டுவிட்டேன். நம் பழைய டார்ச் வேண்டும். முடிந்தால் நீங்களே கொண்டு வாருங்கள்.

மறுபடியும் தூறுகிறது. காலையிலிருந்து கதவு திறக்கவில்லை. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். பக்கத்து அறைத் தோழி வெளியிலிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு, கடிதத்தை ஜன்னல் வழியாகக் கொடு என்கிறாள். கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் குட்டி