வெள்ளிக்கிழமை அலைகள்

அன்று காலை பதினொன்று இருபது. அலைத் தொட்டி அருகே நின்று அளவு குறித்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, "மாமா, அக்கா பூட்டாங்க" என்றான். கையில் நோட்டு இருந்ததால் நேரத்தை எழுதினேன். பக்கத்தில் அலையின் உயரத்தை எழுதவேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நீ போய் நான்கு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை.

இன்று ஆய்வறிக்கையைத் தட்டச்சுக்கு அனுப்பும் நாள். சரிபார்க்க அதே நோட்டைப் பிரித்தேன். நடுப்பக்கங்களின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. முகர்ந்தால் மெலிதாகச் சீயக்காய் வாசனை.

நீ வெள்ளிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, செங்கல்பட்டில் பஸ் ஏறி மாமல்லபுரத்திலிருக்கும் உன் அம்மாவைப் பார்க்கப் போவாய். வழியில் அலைத் தொட்டி இருக்கும் எங்கள் தகரக் கொட்டகை முன் இறங்கி எனக்குச் சாப்பாடு தருவாய். ஈரம் காயாத கூந்தலை நுனியில் மட்டும் முடிந்திருப்பாய். அடுத்த பஸ் வரும்வரை தொட்டியின் விளிம்பில் குனிந்து வேடிக்கை பார்ப்பாய்.

"இத்தினி தண்ணிய ஊத்தி வச்சிகினு இன்னாங்க பண்றீங்க?"

"அந்த முனையில பலகை தள்ளுது, அலை வருது. இங்க வந்து சேர்றதுக்குள்ள எவ்ளோ சக்தி குறையுதுன்னு பாக்கறோம்."

"அதுக்கு எங்கூரு கடலுக்கே வந்து குந்தினு பாக்கலாமே."

கடலில் காற்று, நீரோட்டம், மணல் எல்லாம் சேர்ந்து குழப்பும், இங்கே ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம் என்று விளக்கினேன். சின்ன அலை உருண்டையாக இருக்கும், பெரிதாகப் பெரிதாக முகடு கூராகும், பள்ளம் தட்டையாகும் என்றும் சொன்னேன். கண்ணாடிச் சுவர் வழியே நீ பார்த்தாய். "ஆமா, மேல மூக்கு கூரா, கீழ வயிறு தட்டையா கீது. எங்க பெரியம்மா மாதிரி." புதிதாக வரும் மாணவர்களுக்கு இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யார் பெரியம்மா என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்த மாதம் என் கால் தரையில் பாவவில்லை. பெரிய அலைகள் சூத்திரம் சொன்னதைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோயின. உயரம் கூடினால் சக்தி இழப்பும் தனியாகக் கூடுகிறது, இதுவரை யாரும் கவனிக்காதது என்று நினைத்தேன். துறைத்தலைவரும் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு முடிவை வைத்தே என் பெயர் நிற்கும் என்றார்.

நீ ஒரு மத்தியானம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாய். கறை அப்போது பட்டதுதான்.

"இன்னாங்க, உங்க அலைக்கு வெள்ளிக்கிழமைன்னா மட்டும் ஒடம்பு முடியாம பூடுதா?"

"அன்னிக்குத்தானே பெரிய அலை விடறேன்."

"அன்னிக்குத்தானே நானும் வரேன்."

சொல்லிவிட்டு உன் கூந்தல் நுனியைப் பார்த்தாய். குனியும்போதெல்லாம் அது தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீயக்காய்க்குத் தப்பிய எண்ணெய் துளித்துளியாகப் பரவி, கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படிந்து, அலையின் சக்தியைத் தின்றிருக்கிறது. என் கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாய். "அலைய அடக்கினவ கையால சாப்ட மாட்டீங்களாக்கும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியை வடித்து, இருவருமாகச் சுவரைத் துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பினோம். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீ போட்ட அதிகாரம் இன்னும் காதில் இருக்கிறது. "ஓரத்துல வுட்டுட்டீங்க பாருங்க, சயின்டிஸ்டு." மறுநாள் பெரிய அலை சூத்திரத்தோடு ஒத்துப்போனது. அதைவிட நிறைவான நாள் எனக்கு அமையவில்லை.

இப்போது சிக்கல் அந்த நான்கு வெள்ளிக்கிழமைகள்தான். "எடுத்துடுப்பா. இல்லன்னா காரணம் தெரியாத மாசுன்னு போட்டுடு. பெண்டாட்டி தலைமுடின்னு எழுதினா சிரிப்பாங்க" என்கிறார் தலைவர். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்.

ஆனால் காரணம் தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு நாள் அளவுகளையும் அப்படியே வைத்தேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "இந்நாட்களில் நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தது. ஆய்வாளரின் மனைவியின் கூந்தலிலிருந்து வந்தது. அதைக் கண்டறிந்தவரும் அவரே." எழுதி முடித்ததும் மனசு லேசானது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நீயும் சிரித்திருப்பாய்.

தாள்கள் தட்டச்சுக்குப் போய்விட்டன. அந்த வரியை எடுக்கச் சொல்லி தலைவர் மூன்று முறை போனில் கூப்பிட்டுவிட்டார். இனி மணி அடிக்காது. ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.