அந்தச் சாடியை மண்ணில் வைத்தது யார்?

குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் உன் பொட்டுகள் இன்னும் இருக்கின்றன. கறுப்பு நிறையவும் நடுவில் ஒரு சிவப்பும். படுக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டுவாய். காலையில் அதை மறந்து புதிதொன்றைப் பிரிப்பாய். நீ போய் ஒரு குளிர்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. இன்று காலை பல் துலக்கும்போதுதான் கவனித்தேன்: கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, பொட்டுகளும் அப்படியே இருக்கின்றன. யாரோ ஒவ்வொன்றையும் சுற்றித் துணியை வளைத்து வளைத்துத் துடைத்திருக்கிறார்கள். நாம் மூவரும் பகிர்ந்துகொண்ட இந்த வீட்டில் சமையலறை என் பொறுப்பு, குளியலறை யூலியாவின் பொறுப்பு. அப்படியென்றால் அவள்தான்.

பிற்பகலில் எனக்குப் பேச்சு இருந்தது. கருத்தரங்குகளில் வாயே திறக்காத நான், முதல்முறையாக முன்னால் நின்று பேச வேண்டும். அந்த நடுக்கத்தோடுதான் உன் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் அப்பா உன்னிடம் முறையிட்டது நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போயும் போயும் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பழைய அயர்லாந்தில் கிடைத்த உரோமர் காலத்துப் பொருட்களை.

"உரோமர் அயர்லாந்தைப் பிடிக்கவேயில்லை எண்டுறாள். போகாத இடத்தில அவங்களைத் தேடுறது என்ன படிப்பு பிள்ளை?"

"படைதான் மாமா போகேல்லை. சாமான் போயிருக்கு. சாமான் தனியப் போகுமோ?" என்றாய். அப்பா சிரித்துவிட்டார். நீ செயற்கைப் பல் செய்யப் பழகிக்கொண்டிருந்தவள். என் படிப்பை என்னைவிட நன்றாக விளக்கினாய்.

இந்தக் கொலோன் நகர வீட்டின் சமையலறையில் பருப்பு அவியும்வரை என்னைக் கேள்வி கேட்பாய். சொந்த நாட்டில் துரத்தப்பட்ட அயர்லாந்துக் குறுநில மன்னன் ஒருவனை, என்றாவது உதவுவான் என்று பிரித்தானியாவிலிருந்த உரோமத் தளபதி தன்னோடு வைத்திருந்த கதையைச் சொன்னேன். கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாய்.

"அப்ப அவனும் அகதிதான். விசா குடுத்தவங்களோ, இல்லை என்ர அப்பாவுக்குக் குடுத்த மாதிரி, துரத்தாமல் விட்டு வைக்கிறம் எண்டு ஒரு துண்டுக் கடதாசி மட்டும்தானோ?"

ஆனால் உன்னை விடாமல் பிடித்துக்கொண்டது அயர்லாந்தின் கில்கெனிப் பக்கம் கிடைத்த அந்தச் சாடிதான். எரித்த சாம்பல் வைத்த கண்ணாடிச் சாடி. கூடவே வெண்கலத்தில் ஒரு முகக்கண்ணாடி, ஒரு சிறு குப்பி. உரோமப் பெண்களைப் புதைக்கும் முறை, உரோமர் ஆளாத மண்ணில்.

"சாடி எங்கட கொலோனில செய்ததோ? இஞ்சயும் உரோமர் கண்ணாடி செய்தவங்கள் எண்டாய்."

"தெரியாது."

"சரி, அவள் ஆர்?"

"உரோமப் பெண்ணா இருக்கலாம். பிரித்தானியாவில வாழ்ந்திட்டுத் திரும்பின அயர்லாந்துக்காரியாயும் இருக்கலாம்."

"அது கிடக்கட்டும். செத்தவள் தன்னைத் தானே சாடிக்குள்ள போட ஏலாது. ஆரடி வச்சது?"

"அவளின்ர ஆக்கள்தான். அந்த முறை தெரிஞ்சவை."

"அப்ப கொஞ்சப் பேராவது இருந்திருக்கினம். அவள் தனிய இல்லை." நீயே முடிவு செய்துவிட்டு அடுப்பை அணைத்தாய். பிறகு என் தலையில் தட்டினாய். "இதை உன்ர பேராசிரியரிட்டக் கேள். அவர் முன்னால தூண் மாதிரி நிக்காத."

கேட்கவில்லை. அதற்குள் ஒரே கிழமையில் முடிந்த நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைப்பதுதான் முறை என்றார்கள் உறவினர்கள். உன் அம்மா மறுத்துவிட்டா. "ஜெர்மனியில, ஹம்மில பிறந்த பிள்ளை. அங்க அவளுக்கு ஆரைத் தெரியும்? இஞ்ச எண்டால் நான் போய்ப் பாக்கலாம்." இந்த நாட்டில் சாம்பலை வீட்டிலும் வைக்க விடமாட்டார்கள், ரைன் நதியிலும் கரைக்க விடமாட்டார்கள். மயானத்தில்தான் புதைக்க வேண்டும்.

அந்தச் சிறு குழியைச் சுற்றி நின்ற எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. "சாம்பலைப் புதைக்கிறதுக்கு என்ன முறை?" என்று உன் சித்தப்பா என் காதுக்குள் கேட்டார். கற்பூரம் கொளுத்தினார்கள், காற்று அணைத்தது. மயானப் பணியாளர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது யூலியா முன்னால் வந்தாள். "நான் வைக்கலாமா?" என்று உன் அம்மாவிடம் ஜெர்மனில் கேட்டாள். கோட்டுப் பையிலிருந்து உன் குங்குமச் சிமிழை எடுத்தாள். மோதிரவிரலால் தொட்டு, சாம்பல் கலசத்தின் மூடியில் ஒரு பொட்டு வைத்தாள். சரியாக நடுவில். கலசத்தை இறக்கியதும், உன் கைப்பைக்குள் கிடக்கும் அந்த வட்டக் கண்ணாடியை அதன் அருகில் வைத்தாள்.

"மோதிரவிரலால வைக்கிறதெண்டு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று உன் அம்மா என்னிடம் கேட்டா. நான் யூலியாவைக் கேட்டேன். "ஒருத்தரும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைப்பாள், நான் பல் துலக்கிக்கொண்டு நிற்பேன்" என்றாள்.

இன்று அந்தச் சாடியைப் பற்றிப் பேசி முடித்ததும் பேராசிரியர், "ஆக, அவளை ஓர் உரோமக் குடும்பம் அடக்கம் செய்திருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார். வழக்கம்போலத் தலையாட்டியிருப்பேன். உன் கலசத்தின் மூடி கண்ணுக்குள் வந்தது.

"முறை உரோமருடையது. கைகள் யாருடையவை என்று தெரியாது. அவளோடு பழகி, அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அயர்லாந்துக்காரியின் கைகளாகவும் இருக்கலாம்" என்றேன்.

"ஆதாரம்?"

"இல்லை." யாரோ சிரித்தார்கள். "உரோமக் கைகள் என்பதற்கும் இல்லை."

அவர் "ம்" என்று திரையிலிருந்த சாடியின் படத்தின் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான்.

உன் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. ஆனால் நாம் இருவரும் அவளுடைய ஆட்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தோம். இனி மற்றக் கைகளையும் தேடுவேன். எந்த மண்ணில், எதைப் பார்த்தால் அவை தெரியும்? தெரியவில்லை. அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன்.

யூலியா பெற்றோர் வீட்டுக்குப் போயிருக்கிறாள்; இந்தக் கிழமை குளியலறையும் எனக்குத்தான். பேச்சு முடிந்து வந்ததும் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். அது நினைத்த அளவுக்கு எளிதில்லை. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு விரல்நுனிதான் போகிறது.