வாசலில் கழற்றிய பூட்ஸ்

12 மே 2025

காலையில் காற்றாலை கேட்டில் சேஃப்டி ஆபீசர் என்னை நிறுத்திவிட்டார். "சார், செருப்புப் போட்டுட்டு உள்ள போகக் கூடாது."

அந்த ஆபீசருக்கு இன்று விடிந்ததும் பால் வாங்கி வந்து காபி போட்டுக் கொடுத்தவனே நான்தான். பெயர் யோகலட்சுமி. எனக்கு ஒரே மகள்.

நான் அங்கே ஹெல்பர். மேலே ஏறுகிற பையன்களுக்குச் சாமானைக் கயிற்றில் கட்டி அனுப்புவேன், கோபுரத்தின் அடியில் போல்ட் முறுக்குவேன். அவள் மார்ச்சில்தான் சேர்ந்தாள். ஆறு மாதம் பார்ப்பார்களாம். பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. "உள்ளூர்ப் பொண்ணு, சொந்தக்காரங்க நிறைய, கண்டிப்பா நடந்துக்குமா?" என்று மேனேஜருக்குச் சந்தேகம். அந்த 'நிறைய சொந்தக்காரங்க' நான் ஒருத்தன்தான்.

கம்பெனி கொடுத்த பூட்ஸ் என் காலில் ஏறவில்லை. முன்பு விசைத்தறியில் வெறுங்காலோடு நின்று நின்று பாதம் முறம் மாதிரி விரிந்து கிடக்கிறது. அது பூட்ஸின் குற்றம் இல்லை.

கூட வேலை பார்க்கிற தங்கப்பழம் எனக்குப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது. "என்ன அண்ணாச்சி, பெத்த மகளே சார்னு கூப்பிடுதா! பெரிய ஆளாயிட்டிய!" என்றான். அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

13 மே

"அப்பனை வாசல்ல நிப்பாட்டுன பிள்ளைக்கு நான் சோறு போட மாட்டேன்" என்றாள் என் மனைவி கோமதித்தாய். போட்டாள். கூட ஒரு முட்டையும் வைத்தாள். எனக்கு முட்டை இல்லை.

15 மே

ராஜபாளையம் ரோட்டில் ஃபஹீமாவின் செருப்புக் கடை. அந்தம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "காலையில வராதிய, சாயங்காலம் வாங்க. நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும்போதுதான் அளவு எடுக்கணும்" என்று துரத்திவிட்டது. சாயங்காலம் போனேன். கால் நன்றாக வீங்கியிருந்தது. பெருமையாக நீட்டினேன்.

அசல் தோல். முன்னால் விரலுக்கு மேல் இரும்பு. அடி ஒட்டினது இல்லை, சுற்றித் தைத்தது. தேய்ந்தால் அடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். தடி காலுறையோடு மாட்டி, கடைக்குள்ளேயே மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னது. குதிகால் தூக்கவில்லை, விரல் இடிக்கவில்லை.

எல்லாம் சரி. பழக்கதோஷத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "ஒரு சைஸ் கூடவே குடுங்கம்மா."

"எதுக்கு?"

"வளந்தா..."

யோகாவுக்குப் பள்ளிக்கூடத்துச் செருப்பு வாங்கின நாளிலிருந்து எந்தக் கடையில் ஏறினாலும் வாய் அதைத்தான் சொல்லுகிறது.

"அண்ணாச்சி, உங்களுக்கு அம்பத்தி ரெண்டு வயசு. இனிமே வளந்தா வயிறுதான் வளரும். அதுக்கு பெல்ட் கடை அடுத்த தெருவுல இருக்கு."

அளவானதையே வாங்கினேன்.

17 மே

வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறேன். இரண்டு குதிகாலிலும் கடி. புதுச் செருப்பு நம்மைக் கடிக்குமுன் நாம் அதைக் கடித்துவிட வேண்டும் என்று கோமதித்தாய் சொன்னாள். அவள் அம்மா வீட்டு வழக்கமாம். அறிவியல் எனக்கு எட்டாது, அதனால் உடன்பட்டேன். கொல்லையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குதிகால் பக்கமாக ஒரு கடி. தோல் கெட்டி. பாலிஷ் கசப்பு.

யோகா துணி காயப்போட வந்து நின்றாள்.

"அப்பா... என்ன செய்திய?"

"உன் அம்மாட்ட கேளு."

19 மே

இன்றைக்கு என்ன எழுத? எழுதத்தான் வேணுமா?

பூட்ஸோடு போனேன். கேட்டில் யோகா குனிந்து பார்த்தாள். "குட், சார்." நெஞ்சு ஒரு முழம் விரிந்தது. நேரே ஏழாம் நம்பர் காற்றாலைக்குப் போனேன். கோபுரத்தின் அடியில் ஒரு இரும்புக் கதவு, ஏறிப்போக நாலு படி. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் கதவில் இருக்கிறது, மேலே காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று.

படிக்குக் கீழே பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சத்தியமாக, யோசித்துச் செய்யவில்லை. கதவு இருந்தது, படி இருந்தது, குங்குமம் இருந்தது. கால் தானாகக் கழற்றிவிட்டது. நிம்மதியாக வெறுங்காலில் நின்று போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். தங்கப்பழமும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் வந்திருக்கிறார்கள். வெளியே பூட்ஸைப் பார்த்ததும், உள்ளே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்து அவர்களும் கழற்றிவிட்டார்கள்.

வாசலில் நாலு ஜோடி. அந்த நேரம் பார்த்து யோகா மேனேஜரைக் கூட்டிக்கொண்டு ரவுண்டு வருகிறாள்.

"என்ன இது, கல்யாண மண்டபமா?" என்று மேனேஜர் கேட்டார். கேட்டது எங்களை. பார்த்தது அவளை.

அவள் முகம் சிவந்துபோனது. "மேல ஸ்பேனர் தவறுனா கால் இருக்குமா, சார்?" என்று என்னைக் கேட்டாள். பிறகு, "மத்தவங்க இவரைப் பாத்துத்தான் கழட்டுனாங்க. அவங்களுக்கு ஒரு நாள். இவருக்கு மூணு நாள். வேலைக்கு வர வேண்டாம்."

இவர்! சார்கூட இல்லை.

20 மே

மூணு நாளா? எதுக்கு மூணு? நான் என்ன மிஷினத் திருடிட்டா போனேன்? செருப்பைக் கழட்டுனது ஒரு குத்தமா? ஊரு உலகத்துல எல்லாவனும் உள்ள போகையில கழட்டத்தானே செய்தான் — பெத்த அப்பன்னு ஒரு இது வேண்டாமா?

கோமதித்தாய் எனக்கு முட்டை வைத்தாள். அதுவும் இறங்கவில்லை.

21 மே

நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. நடுவில் கோமதித்தாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

22 மே

சாப்பிடும்போது யோகா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேனேஜர் என்னையத்தாம்ப்பா பாத்துட்டு நின்னாரு. உங்கள விட்டிருந்தா அன்னைக்கே எனக்கு அங்கன மரியாதை முடிஞ்சிருக்கும். நாளைக்குத் தங்கப்பழம் அண்ணன் பனியனோட வருவாரு."

"அவன் இப்பவே அப்படித்தானட்டி வாரான்."

சிரித்துவிட்டாள். எனக்கு அவள் வேலை போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. மூன்று நாளாகக் கோபத்துக்கே நேரம் பத்தவில்லை.

2 ஜூன்

படியில் கால் வைக்குமுன் 'கழற்றாதே, கழற்றாதே' என்று முணுமுணுக்கிறேன். மந்திரம் சொல்லுகிறேன் என்று நினைத்துப் பின்னால் நிற்கிறவன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.

11 ஜூலை

பூட்ஸ் இப்போது என் காலைவிட என் கால் மாதிரி இருக்கிறது. கடியும் இல்லை. கோமதித்தாய், தான் சொன்ன வைத்தியத்தால்தான் என்கிறாள். நான் மறுக்கவில்லை.

27 ஆகஸ்ட்

கேட்டில் காலைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்த்தாள். வலது குதிகால் வழவழவென்று ஆகிவிட்டது. "ஒரு கால் மட்டும் எப்படி சார் தேயும்?"

எனக்குத் தெரியும். டிவிஎஸ் வண்டியில் பிரேக் இருக்கிறது, நான்தான் அதை நம்புவதில்லை. வலது காலைத் தரையில் உரசித்தான் நிறுத்துவேன். சொல்லவில்லை. அதற்கும் மூன்று நாள் போட்டாலும் போடுவாள்.

"எண்ணெய் சிந்துன தரையில வழுக்கும். அடி மாத்தாம ஒண்ணாந்தேதிக்கு மேல வராதிய, சார்."

30 ஆகஸ்ட்

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தர், "லாரி டயரை வெட்டி அடிச்சுத் தாரேன், ஆயுசுக்கும் தேயாது" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஃபஹீமாவிடம் கேட்டேன். "தேயாது, வழுக்கும். லாரிக்கு நாலு பக்கமும் சக்கரம் இருக்கு, உங்களுக்கு ரெண்டு காலுதான்" என்றது. பழைய தையலைப் பிரித்து, பள்ளம் போட்ட புது அடி வைத்துத் தைக்க ஆம்பூருக்கு அனுப்பியிருக்கிறது. வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை வேலை இல்லை, கூலியும் இல்லை.

4 செப்டம்பர்

காற்று வெறிகொண்டு அடிக்கிறது. இந்த மாதிரிக் காற்றில் ஒரு காற்றாலை நின்றால் மேனேஜருக்குத் தூக்கம் நின்றுவிடும். காலையில் வாசலில் ஜீப். டிரைவர் இறங்கி, "அண்ணாச்சி, மூணு மிஷின் நிக்கு. ஆளு இல்ல. செருப்போட வந்தாலும் பரவால்ல, இன்னைக்கு மட்டும்னு மேனேஜரே சொல்லிட்டாரு" என்றார்.

யோகாவுக்கு லீவு. உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மெல்லுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவளுடைய ஆறு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. போனாலும் வம்பு, போகாவிட்டால் மேனேஜருக்குக் கோபம். அது யார் மேல் விடியும்?

"பூட்ஸ் ஆம்பூர்ல கிடக்கு. அது வந்தாத்தான் நான் வாரேன்" என்றேன்.

"மேனேஜர் சொல்லுதாருங்கேன்!"

"சொல்லட்டும்வே. கேட்டுல நிக்கது அவரா?"

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். உள்ளே வந்தேன். யோகா தட்டிலிருந்த கடைசி இட்லியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினாள்.

15 செப்டம்பர்

புது அடி. நடந்தால் நாய்க்குட்டி மாதிரி கீச்கீச் என்கிறது. கேட்டில் வரிசை. யோகா கழுத்தில் புது அட்டை தொங்குகிறது. 'பயிற்சி' என்ற சொல் அதில் இல்லை. நான் காலைத் தூக்கினேன். பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்றாள். எனக்குப் பின்னால் தங்கப்பழம், சட்டை போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் மேனேஜர், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில்.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க, சார்" என்றாள்.