உப்பில்லா ஆறு நாள்

ஐப்பசி 4, புதன்

மூட்டம். மழை இல்லை. இரண்டாம் பீரியடிலேயே நாற்காலி கேட்டது உடம்பு. ஏழாம் வகுப்புக்கு உட்கார்ந்தே பாடம்.

சஷ்டி விரதம் தொடக்கம். பசுவந்தனையிலிருந்து அத்தை வந்திருக்கிறார். கழுகுமலை முருகனுக்கு என் பேரில் நேர்ந்துவிட்டாராம். ஆறு நாளும் சாயங்காலம் ஒருவேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல். என் முகக் கறுப்பு போகணுமாம். "கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்தா" என்று அடுப்படியில் மகனிடம். காதில் விழுந்தது. விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. சரி என்றுவிட்டேன்.

மாத்திரை காலை 1, மத்தியானம் ½. சாப்பாட்டுக்குப் பின் என்று சீட்டில் இருக்கிறது. சாப்பாடே இல்லையே. சாயங்காலம் ஒன்று மட்டும் போட்டேன்.

5, வியாழன்

எழுந்தால் கண் இருட்டுகிறது. வாங்க: சிவப்பு மை, சோப்பு, பால் டோக்கன்.

உப்பு ஜாடி பக்கமே கண் போகிறது. வெட்கக்கேடு. நோய் பிடிபடும் முன் கல் உப்பைத் திருடித் தின்றவள்தானே. மதுரை டாக்டர் அன்றைக்கே சொன்னார்: பழைய டி.பி. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகளைக் கெடுத்துவிட்டது. அவை சுரக்காவிட்டால் உடம்பில் உப்புத் தங்காது. அவை சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையாகத் தருகிறோம். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு.

எல்லாம் தெரியும். அத்தை மனசு நோகக் கூடாதாம். என் மேலேயே எரிச்சல்.

6, வெள்ளி

காய்ச்சல். இரண்டு தடவை வாந்தி. போட்ட மாத்திரையும் தங்கவில்லை. இவரைக் கடையிலிருந்து வரச் சொல்லி

8, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில். வெயில்.

ஆட்டோவில் ஏற்றியது நினைவில்லை. பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டதாம். இவர் மதுரைச் சீட்டைக் காட்டியதும் ஹைட்ரோகார்டிசோன் ஊசி, பாட்டில் பாட்டிலாக உப்புத்தண்ணீர். நேற்றுக் காலையில் நானே காபி கேட்டேனாம்.

டாக்டரம்மா திட்டினார். சோறு இல்லாவிட்டால் ஒரு பிஸ்கட்டோடாவது போட வேண்டுமாம், விட்டால் உயிருக்கே ஆபத்தாம். அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கறுப்பும் இந்த நோயால் வந்ததுதான் என்று நானும் சொன்னேன். அழுதார்.

மத்தியானம் கஞ்சி. மடியிலிருந்து பொட்டலம் பிரித்து அத்தையே உப்புப் போட்டார். எனக்குக் கோபம் ஆறவில்லை. நேர்ந்தது என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மிச்சத்த நான் இருந்துக்கிடுதேன். என் பங்கு உப்பையும் நீ தின்னு தாயி."

கஞ்சி கரித்தது. முழுசும் குடித்தேன். மாத்திரை, ½க்குப் பதில் 1.