நாலு மூலை மஞ்சள்

மாமா,

இன்று தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தூரத்து உறவு, பெயரைப் படித்தும் முகம் நினைவுக்கு வரவில்லை. ஆனால் நாலு மூலையிலும் மஞ்சள். கடல் தாண்டியும் வாசனை போகவில்லை. சமையலறையில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உங்கள் பெண் எட்டிப் பார்த்து, "அப்பா ஞாபகமா?" என்றாள். வேறு யாரை நினைத்தும் நான் அப்படிச் சிரிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இந்த நாட்டில் ஆளுக்கொரு மாநிலத்தில் இருந்தோம். அவளுக்குத் தெற்கே வேலை கிடைத்திருந்தது. நான் வடக்கே, பனியில், பிசியோதெரபிஸ்ட். அவள் உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும். போனால் வேலை பார்க்க அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். என்னிடம் இருந்தது வடக்கு மாநிலத்து உரிமம். எல்லையைத் தாண்டினால் முழங்கால் வேறு மாதிரி மடங்குமா என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். நான் படித்த சென்னைக் கல்லூரி என் பாடங்களையும் பயிற்சி நேரத்தையும் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி நேரே தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள் உரிம அலுவலகத்தில். வேறு யாரும் கைவைத்த அடையாளம் இருக்கக்கூடாது.

"என்கிட்ட விடுங்க மாப்ள. முப்பது வருஷம் தபாலாபீஸ்ல குப்ப கொட்டினவன் நான்" என்று மந்தைவெளி பூத்திலிருந்து போனில் கத்தினீர்கள். நம்பினேன். கல்லூரியில் உறையை உங்கள் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் நேரே வீட்டுக்குப் போய் அதைப் பூஜை அறையில் வைத்தீர்கள்.

ஆறு வாரம் கழித்து உரிம அலுவலகம் அதை என்னிடம் திருப்பி அனுப்பியது. நாலு மூலையிலும் மஞ்சள். முத்திரையின் நடுவில் குங்குமம். உறையை யாரோ பிரித்ததாகச் சந்தேகம், ஏற்பதற்கில்லை என்று ஒரு வரி.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கல்லூரியில் யாரும் போனை எடுக்கவில்லை. பத்து நாள் விடுப்பு போட்டு விமானம் ஏறினேன். காகிதம் வாங்குவதைவிட உங்களோடு சண்டை போடுவதுதான் முதல் வேலையாக இருந்தது.

சென்னையில் இறங்கிய மறுநாள் காலை ஆட்டோவில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன். அடையாறு பாலம் வந்தும் நிறுத்தவில்லை. நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், மாமனாரா?"

"ஆமா."

"அதான பாத்தேன். அப்பாவா இருந்தா இந்நேரம் உன்ன எறக்கி வுட்டுட்டுப் போய்க்கினே இருப்பாரு."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவதான் சார் குடுப்போம். மறுபடி வேணும்னா புதுசா எழுதிக் குடுங்க. ரெண்டு மாசம் ஆவும்."

இரண்டு மாதத்தில் குழந்தையே பிறந்துவிடும். அத்தனை பேர் முன்னால் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாம் இவராலதாங்க. படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீங்கள் அந்த அம்மாவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினீர்கள், உங்கள் போஸ்ட்மாஸ்டர் ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முப்பது வருடம் பணியாற்றி ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டரும் கீழே கையொப்பமிட்டுள்ளவனுமான நான் மேற்படி உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, முத்திரையில் குங்குமம் இட்டேன். உறையைப் பிரிக்கவில்லை. என் மகள் கணவனோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பதே நோக்கம். தவறு முழுவதும் என்னுடையது. மருமகனுக்கு இதில் பங்கில்லை.'

அந்த அம்மா படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதல்வரே வெளியே வந்தார்.

"யாருங்க அந்த போஸ்ட்மாஸ்டர்? முப்பது வருஷத்துல எத்தன கவர் தொட்டிருப்பீங்க? எதுக்காவது மஞ்சள் தடவினீங்களா?"

"அதெல்லாம் ஊரார் கவருங்க. இது எங்க வீட்டு கவர்."

அன்று மதியமே புது உறை தயாரானது. உங்கள் கடிதத்தின் நகலும் உள்ளே போனது. முத்திரை குத்தும்போது நீங்கள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நான்கடி தள்ளி நின்றீர்கள். இந்த முறை தபாலில் போட்டதும் அவர்களே.

உரிமம் வந்தது. பிரசவத்துக்கு ஒன்பது நாள் முன்பு அவளிடம் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அந்த மஞ்சள் கதையைச் சொல்லி உங்களைக் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. சபையிலேயே பலமாகச் சிரித்தவர் நீங்கள்தான். நான் கத்திய பகுதியை மட்டும் விட்டுவிடுவேன். நீங்களும் அதைச் சேர்த்துச் சொன்னதில்லை.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு மூதாட்டியின் முழங்காலை அவசரப்பட்டு அதிகமாக மடக்கிவிட்டேன், வீங்கிவிட்டது. மறுநாள் அவரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். கூட வேலை செய்கிறவர்கள் பதறிப்போனார்கள்; இந்த ஊரில் அப்படிச் சொன்னால் வழக்குப் போடுவார்களாம். அந்தம்மாளோ அடுத்த வாரமும் நானே வரவேண்டும் என்றார்.

எனக்குத் தீங்கு செய்தவர்கள் நிறையப் பேர். என் கல்யாணத்துக்கு வராத அண்ணன், எனக்கு வரவேண்டிய பதவியில் போய் உட்கார்ந்தவன் என்று யாரையும் நான் மறக்கவில்லை. அவர்களில் ஒருவரும் தவறு என்னுடையது என்று ஒரு வரி எழுதித் தரவில்லை. இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று உங்களிடம் கத்தியதற்கு நானும் எழுதித் தரவில்லை, மாமா. இதுதான் அது.