கதவுக்கு மட்டும் ஐந்து பூச்சு

29.9.2008, திங்கள்
காருக்கு வேக்ஸ் போடச் சொன்னார் முதலாளி. லிங்கசாமி முதலாளி இதையெல்லாம் வாய் திறந்து சொல்கிற ஆள் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை நானாகத்தான் போடுவேன். ஆயுத பூஜைக்கா என்று கேட்டேன். "ஆமா முத்து, புதுசாட்டம் இருக்கோணும்" என்றார். கறுப்பு வண்டி, விரல் பட்டாலே தெரியும். ஐந்து வருஷமாக என்னைத் தவிர வேறு யாரும் அதைத் துடைத்ததில்லை. இசக்கிமுத்து, உனக்குக் கொஞ்சம் திமிர்தான்.

30.9.2008
முதல் பூச்சு. பனியன் கம்பெனி இல்லையா, நிட்டிங் செக்‌ஷனிலிருந்து பறக்கிற பஞ்சு ஈர வேக்ஸில் ஒட்டிக்கொள்ளும். அதனால் காரைப் பின்பக்கக் குடோனுக்குள் நிறுத்திக்கொண்டேன். பனியன் வேஸ்ட்டில் தையல் இல்லாத வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கினேன். தையல் இருந்தால் பெயின்ட்டில் கோடு விழும். மெல்லிசாகத் தடவி, வெளுத்ததும் துடைத்து எடுத்து, ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும்.

இடது பின்கதவு மட்டும் வழக்கம்போல ஒத்துவரவில்லை. அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு. இரண்டு வருஷத்துக்கு முன், முதலாளி மகன் நித்தீஷ் லைசென்ஸ் இல்லாத வயதில் வண்டியை எடுத்துப்போய், அவினாசி ரோட்டில் நின்ற லாரியில் பக்கவாட்டில் இடித்தான். நான் அந்த நேரம் கம்பெனியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நீ ஓட்டுனதாச் சொல்லிப்போடு முத்து" என்றார் முதலாளி. சொன்னேன். ஸ்டேஷனில் கையெழுத்தும் போட்டேன்.

2.10.2008
இரண்டாம் பூச்சு. பாதியில் முதலாளியம்மா மயிலாத்தாள் காபி கொண்டுவந்தார். காங்கேயத்துக்காரர்கள் பார்த்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்றார். எதை எடுத்துக்கொள்வார்கள்? எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார் பாவம். ஆர்டர் நின்றுவிட்டது, இரண்டு ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது, கார் விலைக்கு. கார் போனால் டிரைவர் எதற்கு?

ஆயுத பூஜையாம். என் வேலையை நானே பளபளப்பாக்கி அனுப்பி வைக்கிறேன். துணியை வீசிவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது. வரவில்லை. அரைகுறையாக விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது.

3.10.2008
முதலாளி தானாகவே பேச்செடுத்தார். வாங்க வருகிறவர் காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கும் பெருமாள்சாமி. அவருக்கு டிரைவர் இல்லையாம். எனக்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறாராம் முதலாளி. வண்டி அவருக்குப் பிடித்துவிட்டால் நானும் வண்டியோடு போகலாம். போகும்போது மெதுவாக, "அந்தக் கதவ மட்டும் கொஞ்சம் பாத்துக்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி மூக்கம்மாளிடம் சொன்னேன். அவளுக்கும் பனியன் செக்கிங்கில் வாரம் மூன்று நாள்தான் வேலை. காங்கேயம் என்றால் வாடகை குறைவு என்று அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

4.10.2008
கதவுக்கு மட்டும் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒரே நாளில். குடோனில் கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தப்பு என்று தெரிந்தேதான் போட்டேன். நாளைக்கு வந்துவிடுகிறாரே, வேறு என்ன செய்ய?

5.10.2008, ஞாயிறு
எழுதவே பிடிக்கவில்லை.

பெருமாள்சாமி வந்தார். வேட்டி, ரப்பர் செருப்பு. குடோனுக்குள்ளேயே வண்டியைச் சுற்றி வந்து, இத்தனை நேர்த்தியாக வைத்திருப்பது யார் என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். "எங்கூட்டுக்கு வர்றியாப்பா?" என்றார். வேகமாகத் தலையை ஆட்டினேன்.

பிறகு வெயிலில் நிறுத்தச் சொன்னார். அங்கேதான் காரியம் கெட்டது. வண்டி முழுக்கக் கறுப்பு, அந்தக் கதவு மட்டும் வெளிறி, எண்ணெய் வழிந்ததுபோல் திட்டுத் திட்டாக. கட்டைவிரலால் ஒரு இழு இழுத்தார். தடம் அப்படியே நின்றது.

"இதுக்கு மட்டும் ஏனுங்க இத்தன பூச்சு?"

முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "டிரைவரு ஒருக்கா இடிச்சுப்போட்டானுங்க."

நித்தீஷ் பக்கத்தில்தான் நின்றான். செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். பெருமாள்சாமி அவனை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீயாப்பா இடிச்சே?"

ஆமாங்க என்றேன்.

ஏன் சொன்னேன்? யார் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? வாய் பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொள்வதாகவும், டிரைவர் வேண்டாமென்றும் பெருமாள்சாமி சொல்லிவிட்டார். முதலாளி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தோளை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மூக்கம்மாள் கேட்டாள்: "அவுக மவன்தான் இடிச்சான்னு சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்பலியோ?"

8.10.2008
ஆயுத பூஜை. தெருவெல்லாம் வாழைக்கன்று கட்டிய வண்டிகள். வெளியே போகவில்லை.

14.10.2008
இன்று பஸ் ஏறிக் காங்கேயம் போய்விட்டேன். மில் வாசலில் கொப்பரை காயப்போட்டிருந்தார்கள். பெருமாள்சாமி உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, லைசென்ஸ், கையெழுத்து, எல்லாம். சொல்லும்போதே வெட்கமாகப் போய்விட்டது.

அவர் அசரவே இல்லை. "நீ இடிக்கலீன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமப்பா. அந்தப் பையன் நிமுந்தே பாக்கலையே" என்றார்.

அப்புறம் ஏன் வேண்டாமென்றீர்கள் என்று கேட்டேன்.

"இடிச்சவனா இருந்திருந்தா வெச்சுக்கிட்டிருப்பேன். எனக்கும் ஒரு பையன் இருக்கறான். நாளைக்கு அவன் ஆரையாச்சும் இடிச்சுப்போட்டு வந்தா, நான் கேக்கறதுக்கு முன்னாடியே நீ ஆமாம்பே. அது எங்கூட்டுக்கு ஆகாதப்பா."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவர்மேல் கோபமாக வந்தது. நியாயம் பேசுகிறவர்களுக்கு மில் இருக்கிறது. பல்லடம் போகிற பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, பாதியில் இறங்கி மாறினேன்.

25.10.2008, சனி
செவ்வாய்க்கிழமை, துணிக்குச் சாயம் போடுகிற ஒரு டையிங் கம்பெனியில் வேன் ஓட்ட ஆள் வேண்டுமென்று சொன்னார்கள், போனேன். இதற்கு முன் எங்காவது இடித்திருக்கிறாயா என்று மேனேஜர் கேட்டார். இல்லீங்க என்றேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். பழைய முதலாளியின் நம்பரைக் கேட்டார். ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

நானே நம்பரைச் சொன்னேன். நான்கு நாள் ஆகிறது, போன் வரவில்லை.