குதிரைக்குப் பின்னால் அடித்த ஹோர்ன்

எப்போதும் எனக்கு முன்னாலேயே போய்விடுகிற பெரியண்ணைக்கு,

ஒழுங்குபடுத்தி எழுதாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும். ஆகவே முதலில்:

1. கார் வைத்திருக்காத ஆமிஷ் ஆட்களின் குதிரை வண்டிக்குப் பின்னால் எப்படிக் கார் ஓட்டுவது.
2. உங்கள் மகன் குமரனின் அவசரம்.
3. ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு அந்த அவசரமே காரணம்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்குப் பூசணிக்காய் வாங்க, நீங்கள் இருந்தபோது வழக்கமாகப் போன ஒன்ராறியோப் பண்ணைக்கு நானும் குமரனும் போனோம். இங்கே மொன்ட்ரியால் கடையில் இல்லாத பூசணிக்காயா? அண்ணிக்கு அந்தப் பண்ணைக் காய்தான் வேண்டுமாம்.

பண்ணையை நெருங்கும்போது முன்னால் ஒரு கறுப்பு வண்டி. பின்பக்கம் செம்மஞ்சள் முக்கோணம். மெதுவாகப் போகும் வண்டி என்று அதற்குப் பொருள். உள்ளே தொப்பி போட்ட மூன்று பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மூக்குத் தெரியும் அளவுக்குக் குமரன் காரைக் கொண்டுபோய் ஒட்டினான்.

"தம்பி, தள்ளி வா. குதிரை எந்த நேரமும் நிக்கும்."

"இதென்ன சித்தப்பா, மாட்டுவண்டிச் சவாரியோ? இறங்கி நடந்தாலும் முந்தலாம்."

"ஏத்தத்திலை முந்தாதை. அங்காலை என்ன வருதெண்டு தெரியாது."

எத்தனை தரம் சொல்வது? வண்டிக்கு நிறைய இடம் விட்டு, மெல்லக் கடந்து, நன்றாகத் தள்ளிப்போன பிறகுதான் மறுபடி வலப்பக்கத்துக்கு வர வேண்டும். இதற்கும் ஒரு படிப்பு வேண்டுமா? அலுத்துப்போனேன், அண்ணை. ஆனாலும் ஏற்றம் முடியும்வரை பொறுத்தான்.

பிறகு எங்கள் காரின் ஹோர்ன் ஒலித்தது. குதிரை மிரண்டு குறுக்கே பாய்ந்தது. ஒரு சில்லு றோட்டோரக் கானுக்குள் இறங்க, வண்டி சரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். தகப்பன் குதித்துக் கடிவாளத்தைப் பிடித்தார். ஒருவருக்கும் காயமில்லை. அவர் எங்களை ஏசவுமில்லை. இனி ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மொன்ட்ரியால்-நோரில் அண்ணி வீட்டுக்கு வந்ததும் குமரனே சொன்னான்: "ஹோர்ன் அடிச்சனான் அம்மா. குதிரை வெருண்டுபோச்சு."

"மூண்டு பிள்ளையளடா!" என்றார் அண்ணி. "இனி என்ரை பேரப்பிள்ளையள் உன்ரை காரிலை ஏறக்கூடாது. கொப்பற்றை திவசத்துக்குக் கோயிலுக்கும் நான் பஸ்ஸிலை போறன்."

குமரன் என்னைப் பார்த்தான். நான் பூசணிக்காயைப் பார்த்தேன்.

நான்கு நாட்களாக அண்ணி அவனோடு கதைக்கவில்லை.

அண்ணை, மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. "ஒருக்கா ஹோர்ன் அடி, கொப்பர் அடிக்கிற மாதிரி. சொல்லிப்போட்டு முந்திறதுதான் மரியாதை" என்றவன் நான். யாழ்ப்பாணத்து றோட்டில் சைக்கிள்காரருக்குக்கூட அப்படித்தானே செய்வோம்? "தேவையோ சித்தப்பா?" என்று அவன் கேட்டான். "அடி" என்றேன். அதை அவன் தாயிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாளைக் காலை மெட்ரோவில் போய், பஸ் மாறி, அண்ணியிடம் இதே சொற்களில் சொல்வேன். வாசல்வரை போய்த் திரும்பி வர மாட்டேன்.

உங்கள் கடைசித் தம்பி,
குமரனின் சித்தப்பா